கிணற்றடிப் பாடமும் ஆசிரியர் மானியமும்



சென்ற மாதம் ஒருநாள் பாடசாலை கலைந்த பின்னர், எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் ஒரு விண்ணப்பப் படிவத்துடன் என் அறைக்கு வந்தார். குடிநீரின் தரத்தையும் சுற்றாடற் பாதுகாப்பையும் மாணாக்கருக்குச் செயல்முறையாகக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குச் சிறு தொகை மானியம் வழங்கும் திட்டம் ஒன்றுக்கு உரிய விண்ணப்பம் அது. எல்லாம் எழுதி முடித்திருந்தார். அதிபரின் கையொப்பம் ஒன்றே குறையாக இருந்தது. நான் படிவத்தை ஒருமுறை வாசித்தேன். மீண்டும் ஒருமுறை வாசித்தேன். பின்பு, "நாளைக்கு வாங்கோ ரீச்சர், யோசித்துச் சொல்லுறன்" என்று கூறி அதனை மேசை மேலேயே வைத்துக்கொண்டேன். அவருடைய முகம் வாடிவிட்டது.

அதிபர்மார் கையொப்பமிடத் தயங்குவது எங்கள் நாட்டிற் புதுமையன்று. கணக்காய்வுக்கு அஞ்சித் தயங்குவோர் உளர்; வலயக் கல்விப் பணிமனை என்ன சொல்லுமோ என்று தயங்குவோரும் உளர். என்னுடைய தயக்கத்துக்குக் காரணம் வேறு. அது பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பழைய கதை. அந்தக் கதையையும், அதிலிருந்து இத்தகைய மானியங்களைப் பற்றி எனக்கு ஏற்பட்ட எண்ணங்களையும் இன்று உங்களுக்குக் கூறலாமென்று நினைக்கிறேன்.

முதலில், நீரைப் பற்றிக் கற்பிப்பதற்கு மானியம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பாடப் புத்தகம் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, ஆசிரியருக்கு மாதச் சம்பளமும் இருக்கிறது அன்றோ? உண்மைதான். பாடப் புத்தகத்தில் நீர்வட்டத்தைக் காட்டும் படமும் இருக்கிறது. கடலிலிருந்து ஆவி எழுகிறது. மலையில் முகில் மோதுகிறது. ஆறு பெருகி மீண்டும் கடலைச் சேருகிறது. அழகான படம். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைக்கு அந்தப் படத்தில் தன்னுடைய ஊர் தெரிவதில்லை. இங்கே மலையில்லை, வற்றாத ஆறும் இல்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று காட்டுவதற்கு எங்களிடம் வேறொன்றும் கிடையாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்யும் மழைநீர், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்கி, அங்கே உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கிறது. அந்த வில்லையிலிருந்துதான் நாம் குடிக்கிறோம்; குளிக்கிறோம்; வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் இறைக்கிறோம். பயிருக்கு இடும் பசளையிற் பயிர் உண்டது போக எஞ்சியது அந்த வில்லைக்கே இறங்குகிறது. மலசலகூடக் குழியையும் அதே கல்லிலேதான் வெட்டுகிறோம்.

ஆகவே எங்கள் பிள்ளைக்கு நீர்ப் பாடம் என்பது கிணற்றடியில் நடக்கவேண்டிய பாடம். கிணற்றடிக்குப் போக வேண்டுமானால் நீரை அள்ளப் போத்தல் வேண்டும். சோதிக்க இரசாயனப் பொருள் வேண்டும். சில வேளைகளில் வாகனக் கூலியும் வேண்டும். இவை பெருஞ் செலவுகள் அல்ல. எனினும் பாடசாலைக் கணக்கில் இவற்றுக்கென ஒரு தலைப்பு இருப்பதில்லை. கூரைக்கு ஓடு வாங்கலாம். விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடலாம். கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பதற்கு ஆயிரம் ரூபா வேண்டுமென்றால், அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எழுதுவினைஞர் என்னைப் பார்ப்பார். ஆசிரியர் தம்முடைய சட்டைப்பையிலிருந்து கொடுப்பார், அல்லது அந்தப் பாடத்தைப் படத்தோடு முடித்துவிடுவார். இந்த இடைவெளியை நிரப்புவதற்கே ஆசிரியர் மானியம் என்ற ஏற்பாடு தோன்றியது.

வேறு நாடுகளில் இது ஓரளவு முதிர்ந்த ஏற்பாடு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்க்கரையில் செசப்பீக் என்னும் பெருங்குடா ஒன்று உண்டு. ஆறு மாநிலங்களின் நீரும் தலைநகராகிய வாஷிங்டனின் நீரும் வந்து அதிலே விழுகின்றன. வயல்களின் பசளையும் நகரங்களின் கழிவும் கொண்டுவந்த நைதரசனாலும் பொசுபரசாலும் அக்குடாவிற் பாசி மண்டி, அது அழுகி, கோடை காலத்தில் ஆழநீரில் ஒட்சிசன் அற்றுப்போய் நண்டும் மீனும் வாழ இயலாத இடங்கள் உண்டாயின. குடாவைக் காப்பதற்குச் சட்டங்கள் மாத்திரம் போதா, அந்நீர் வந்து விழும் நிலமெங்கும் வாழும் பிள்ளைகள் அதை அறியவேண்டும் என்று அங்குள்ளோர் கருதினர். மேரிலாந்து மாநிலச் சட்டசபை 1985 ஆம் ஆண்டில் ஒரு நிதியத்தை நிறுவியது. குடாவின் படம் பொறித்த மோட்டார் வாகன இலக்கத் தகடுகளை விரும்பி வாங்குவோர் கொடுக்கும் மேலதிகப் பணமும், வருமானவரிப் படிவத்தில் மக்கள் தாமாக ஒதுக்கும் சிறு தொகைகளும் அந்நிதியத்துக்கு வந்தன. அதிலிருந்து ஆசிரியர்களுக்குச் சிறிய மானியங்கள் போயின. 2000 ஆம் ஆண்டில் அம்மாநிலங்களுட் சில செய்துகொண்ட உடன்படிக்கையில், 2005 இல் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வகுப்புத் தொடக்கம், ஒவ்வொரு மாணவரும் பள்ளியை விட்டு வெளியேறுமுன் ஒருமுறையேனும் குடாவிலோ ஓர் ஓடையிலோ இறங்கிப் பொருளுள்ள ஒரு கள அனுபவத்தைப் பெறவேண்டும் என்று எழுதினர். 2002 இல் அந்நாட்டுத் தேசிய சமுத்திர வளிமண்டல நிர்வாகம் இதற்கெனவே ஒரு மானியத் திட்டத்தைத் தொடங்கியது.

அத்திட்டத்தில் நான் கவனித்த ஒரு செய்தி உண்டு. மாணவரை ஓடைக்கு அழைத்துச் செல்வதோடு அங்கே பாடம் முடிவதில்லை. முதலில் ஒரு பிரச்சினையை வரையறுத்தல், பிறகு வெளியிற் சென்று ஆராய்தல், கண்டவற்றைத் தொகுத்து ஒரு முடிவுக்கு வருதல், இறுதியாக அம்முடிவின்படி ஏதேனும் ஒன்றைச் செய்தல் என்று அதனை வகுத்திருக்கிறார்கள். ஆசிரியருக்குரிய பயிற்சியையும் மானியத்தின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். இதனை நான் வாசித்தபோது, இது எனக்கு முன்னரே தெரிந்திருக்கக்கூடாதா என்று எண்ணினேன். ஏனெனில் எனக்குக் கிடைத்த மானியத்தில் அந்த இரண்டும் இருக்கவில்லை.

இனி அந்தப் பழைய கதைக்கு வருகிறேன்.

2012 ஆம் ஆண்டில் நான் வலிகாமப் பகுதியில் ஒரு பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். நான் கலைப் பட்டதாரி. தமிழும் புவியியலும் கற்பித்தேன். அக்காலத்தில் ஒரு நிறுவனம் நீர் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு மானியம் வழங்குவதாக அறிவித்தது. விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார், வேறு ஒருவரும் முன்வரவில்லை, நான் விண்ணப்பித்தேன். பணம் கிடைத்தது. பணத்தோடு ஒரு பெட்டியும் வந்தது. சிறு கண்ணாடிக் குழாய்கள், இரண்டு மூன்று போத்தல் இரசாயனப் பொருள், நிறங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் அட்டை, ஆங்கிலத்தில் ஒரு துண்டுப் பத்திரம் ஆகியவை அதில் இருந்தன. குழாயில் நீரை ஊற்றிப் பொருளைக் கலந்து சற்றுநேரம் வைத்தால் நிறம் மாறும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் நைத்திரேற்றின் அளவு தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட மகிழ்ச்சியான வேலை வேறென்ன இருக்கமுடியும்? மூன்று வாரங்களில் இருபத்துமூன்று கிணறுகளைச் சோதித்துவிட்டோம்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. எங்கள் ஊர்களில் இனிப்பான தண்ணீர் என்று புகழப்படும் கிணற்றிலும் அது நிறைய இருக்கலாம். வளர்ந்தவர்களிலும் பார்க்க ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே அதனால் ஆபத்து மிகுதி. குழந்தையின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலைக் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இதனை நீலக்குழந்தை நோய் என்பர். 1945 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வைத்தியர் ஹண்டர் கொம்லி என்பவரே, கிணற்று நீரிற் கரைத்த பாலை உண்ட குழந்தைகளிடம் இதனைக் கண்டு எழுதினார். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இவ்வளவையும் நான் வாசித்து வைத்திருந்தேன்.

எங்கள் இருபத்துமூன்று கிணறுகளில் ஆகக்கூடிய எண் 18. ஐம்பது எங்கே, பதினெட்டு எங்கே! பிள்ளைகள் மகிழ்ச்சியோடு பெரிய மட்டை ஒன்றில் ஊரின் படத்தை வரைந்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் பச்சைப் பொட்டு இட்டு, அருகில் வீட்டுக்காரரின் பெயரையும் எழுதினர். பரிசளிப்பு விழாவன்று அதனை மண்டப வாயிலில் தொங்கவிட்டோம். வந்த பெற்றோர் தத்தம் கிணற்றைத் தேடிப் பார்த்துச் சென்றனர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுக் கடதாசியும் கொடுத்தோம். அதில் "உங்கள் கிணற்று நீர் நன்று" என்று என் கைப்பட எழுதியிருந்தேன்.

ஒரு மாதத்துக்குப் பின்னர் அயற் பாடசாலையின் இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் ஏதோ அலுவலாக வந்தவர், அந்த நிற அட்டையை எடுத்துப் பார்த்தார். சற்று நேரம் பேசாமல் நின்றார். அட்டையின் மூலையில், மிகச் சிறிய எழுத்தில், "என்" என்ற ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. அந்த அட்டை நைத்திரேற்றின் முழு நிறையைச் சொல்லவில்லை. அதிலுள்ள நைதரசனின் நிறையை மாத்திரமே சொல்லியது. கச்சானைக் கோதோடு நிறுப்பதற்கும் பருப்பை மாத்திரம் நிறுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. 62 பங்கு நைத்திரேற்றில் நைதரசன் 14 பங்கே இருக்கிறது. ஆகவே அட்டையில் வந்த எண்ணை ஏறத்தாழ நாலரையாற் பெருக்க வேண்டும். நுட்பமாகச் சொன்னால் 4.43. அமெரிக்கர் நைதரசனாகக் கணக்கிட்டு 10 என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் நைத்திரேற்றாகக் கணக்கிட்டு 50 என்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நான் ஒருவருடைய கோலால் அளந்து மற்றவருடைய எல்லையோடு ஒப்பிட்டிருந்தேன். பன்னிரண்டு என்று நாங்கள் பச்சைப் பொட்டு இட்ட கிணற்றில் உண்மையான அளவு 53. பதினெட்டு என்றது 80. மேசையில் இருந்த கடதாசியின் பின்புறத்திற் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறு கிணறுகள் எல்லைக்கு மேல் நின்றன.

அந்த ஆறில் ஒன்று என் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டுக் கிணறு. அவளுக்கு மூன்று மாதத் தம்பி ஒருவன் இருந்தான். அன்று பின்னேரமே சைக்கிளில் அங்கே போனேன். தாய் சுகவீனமுற்றிருந்தபடியாற் குழந்தைக்குப் பால்மாதான் கொடுத்துவந்தார்கள். எப்படிப் பேச்சைத் தொடங்குவதென்று தெரியாமல், பால் கரைக்கும் தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் சேர் குடுக்கிறம். பத்து நிமிசத்துக்கு மேலை கொதிக்க விடுவன்" என்றார் அந்தத் தாய், நல்ல பிள்ளையாகப் பாடத்தை ஒப்புவிப்பது போல.

கொதிக்க வைத்தல் கிருமிகளைக் கொல்லும். நைத்திரேற்றை அது நீக்காது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். அந்தத் தாய் எவ்வளவு கவனமாக இருந்தாரோ அவ்வளவுக்குக் கேடு கூடியிருந்தது. நான் விடயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. உள்ளே போய் அந்தத் துண்டுக் கடதாசியை எடுத்துவந்து காட்டினார். "இதிலை நல்ல தண்ணி எண்டுதானே எழுதியிருக்கு?" என்று மாத்திரம் கேட்டார்.

குழந்தைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சென்றேன். அவர் நல்ல மனிதர், உடனே வந்தார். அரை மைல் தூரத்திலுள்ள பொதுக் குழாயிலிருந்து குழந்தைக்கான நீரை எடுப்பதென்று ஒழுங்காயிற்று. மாணவி தினமும் காலையில் ஒரு கலன் தண்ணீர் கொண்டுவந்தாள். மற்றை ஐந்து வீடுகளுக்கும் நானே போய் என் பிழையைச் சொன்னேன். நான்கு வீட்டார் கேட்டுக்கொண்டனர். ஐந்தாம் வீட்டுக்காரர் தமது கிணற்றிலிருந்து அயலார் பலருக்குத் தண்ணீர் கொடுப்பவர். அதிற் பெருமை கொண்டவர். "பரம்பரையாக் குடிச்ச தண்ணியைக் கூடாது எண்டு சொல்ல நீர் ஆர்? என்ரை பேரையும் எழுதி ஊருக்குக் காட்டிப்போட்டீர்" என்று என்னை வாசலோடு அனுப்பிவிட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கிணற்றுச் சொந்தக்காரரின் பெயரை அவரைக் கேளாமலே மட்டையில் எழுதியது என்னுடைய இரண்டாவது பிழை.

ஆண்டு முடிவில் மானியம் வழங்கிய நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டியிருந்தது. எத்தனை மாணவர் பங்குபற்றினர், எத்தனை கிணறுகள் சோதிக்கப்பட்டன, புகைப்படங்கள் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். கண்டறிந்த பின்னர் என்ன செய்தீர்கள் என்று ஒரு கேள்வியும் இருக்கவில்லை. பிழை ஏதும் நேர்ந்ததா என்று எழுத ஓர் இடமும் இருக்கவில்லை. நான் தனிக் கடதாசியில் எல்லாவற்றையும் எழுதி இணைத்து அனுப்பினேன். பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. அதிலிருந்து அந்தத் தனிக் கடதாசியை ஒருவரும் வாசிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

மறு ஆண்டு இரசாயனப் பொருள்கள் காலாவதியாயின. புதியன வாங்கப் பணமில்லை. பெட்டி அலுமாரிக்குப் போயிற்று. அப்பெட்டியைத் தேடி மக்களே என்னிடம் வந்த காலம் ஒன்றும் பின்னர் வந்தது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்ற செய்தி 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரும் அச்சமாகப் பரவியபோது, போத்தல்களிலே தண்ணீரைக் கொண்டுவந்து "சேர், இதிலை எண்ணெய் இருக்கோ எண்டு பாருங்கோ" என்று கேட்டவர்கள் பலர். எங்கள் குழாய்களுக்கும் எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லி அனுப்பவேண்டியதாயிற்று. அந்த விடயம் உயர் நீதிமன்றம் வரையிற் சென்று, 2019 ஏப்ரல் மாதத்தில், பாதிக்கப்பட்ட குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. பாடசாலைச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கவேண்டும் என்பதை அந்நாட்களில் நன்கு உணர்ந்தேன்.

இவ்வளவு பட்டபின்னும் ஆசிரியருக்கு மானியம் கொடுத்தல் தவறு என்று நான் சொல்லமாட்டேன். கொடுக்கவேண்டும், ஆசிரியரின் கையிலேயே கொடுக்கவேண்டும். பெருந் தொகையைத் திணைக்களத்துக்குக் கொடுத்தாற் கருத்தரங்கும் மதிய உணவும் பதாகையுமாக அது கரைந்துபோவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். சிறு தொகை ஓர் ஆசிரியரிடம் வந்தால் அது போத்தலாகவும் குழாயாகவும் மாறுகிறது. ஆனால் பெட்டிக்கு மாத்திரம் பணம் கொடுப்பது பாதி மானியமே. ஆசிரியருக்குப் பெட்டியைக் கையாளும் பயிற்சி, அதுவும் அவர் கலைப் பட்டதாரியானால் இரட்டிப்பாக, வேண்டும். கண்ட முடிவை வீடுகளுக்குச் சொல்லுமுன் ஐயத்துக்குரிய மாதிரிகளைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினதோ பல்கலைக்கழகத்தினதோ ஆய்வுகூடத்தில் மீளச் சோதிப்பதற்குக் கட்டணம் வேண்டும். எல்லை கடந்த கிணறு ஒன்று அகப்பட்டால் அடுத்த நாள் யாரிடம் போவது என்பதும் விண்ணப்பத்திலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிவைத்தால் ஐந்து சதமும் செலவில்லை. அதைச் செய்வார்தாம் அரியர். இரசாயனப் பொருள் ஓர் ஆண்டுக்கு வந்து மறைந்து போகாமல் மூன்றாண்டுக்காவது சிறிது சிறிதாக வருதல் நன்று. கிணறு ஓர் ஆண்டிற் சொல்வதும் அடுத்த ஆண்டிற் சொல்வதும் வேறு. மாரியில் ஒன்று சொல்லும், ஆவணியில் வேறொன்று சொல்லும்.

பணமில்லாமலும் செய்யக்கூடியவை உண்டு என்பதையும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். மானியம் வந்தாலன்றி ஒன்றும் இயலாது என்று கைகட்டியிருக்கும் ஆசிரியரை நான் மெச்சுவதில்லை. நான் அதிபராக வந்தபின் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சிட்டு, நுனியிலே கல்லைக் கட்டி, மாதந்தோறும் மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கிறார்கள். சொந்தக்காரர் மூவரிடமும் எழுத்தில் அனுமதி பெற்றோம். கொப்பியிற் பெயர் இல்லை, இலக்கம் மாத்திரமே உண்டு. உப்பை அளக்கும் சிறு கருவி ஒன்றைப் பழைய மாணவர் ஒருவர் வாங்கித் தந்தார். அதனைத் தண்ணீரில் தோய்த்தால் மின் கடத்துதிறனைக் காட்டும். உப்புக் கூடக் கடத்துதிறனும் கூடும்.

இந்த அளவையோடு பிள்ளைகளுக்கு ஒரு கணக்கையும் சொல்லிக்கொடுக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடன் கைபன் என்பவரும், 1901 இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்டது அது. கடற்கரை நிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். உவர்நீர் சற்றே பாரமானது என்பதே காரணம். இதனை மறுதலையாகவும் பார்க்கலாம். இயந்திரத்தால் இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி வரையில் மேலெழ இடமுண்டு. எங்கள் நிலத்தின் வெடிப்புகளில் இக்கணக்கு இம்மியும் பிசகாமல் நடக்கும் என்று சொல்லமுடியாது. ஆயினும் போக்கு இதுவே. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் இதனை எளிதில் விளங்கிக்கொள்கிறார்கள். ஒன்றுக்கு நாற்பது என்ற எண் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மாணவன் வீட்டுக்குப் போய்த் தகப்பனாரின் இறைப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டானாம். வெங்காயம் வாடுகிறது என்று தகப்பனார் என்னிடம் முறையிட வந்தார். பின்னர் இருவருமாக மணிக்கணக்கு ஒன்று வகுத்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

பிள்ளையின் மனத்தில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் அது வீட்டுக்குப் போகிறது, அடுப்படிக்குப் போகிறது, தோட்டத்துக்கும் போகிறது. எண் பிழையானாலும் அப்படியே போகிறது. நான் அந்தப் படிவத்தை மேசையில் நிறுத்திவைத்ததற்கு இதுவே காரணம்.

மறுநாள் ஆசிரியை வந்தபோது இந்தக் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. அட்டையின் மூலையிலுள்ள எழுத்தை அவர் ஒருபோதும் தவறவிடமாட்டார். ஆயினும் கதையைக் கேட்டபின் படிவத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பொருட்செலவு என்ற பகுதியிற் குழாய்களின் தொகையைச் சிறிது குறைத்து, ஆய்வுகூடக் கட்டணம் என்று ஒரு வரியும், வீடுகளுக்குச் செல்லும் போக்குவரத்து என்று ஒரு வரியும் சேர்த்தார். கிணற்றுச் சொந்தக்காரருக்கு அனுப்பவேண்டிய அனுமதிக் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதித் தருமாறு என்னைக் கேட்டார். அது என்னால் முடிந்த வேலை, அன்றிரவே எழுதினேன். சுகாதார வைத்திய அதிகாரிக்குரிய கடிதத்தை அவரே நேரிற் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை நான் கையொப்பமிட்டேன். விண்ணப்பம் தபாலிற் போயிருக்கிறது.